நெஞ்சு இறுக்கத்துக்கு உடம்பைக் கவனிக்கும் கவுன்சலிங்: போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

ஆண்டர்சன் தெரு செந்தில்:

வணக்கம். எனக்கு 41 வயது. பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகைக் கடை, அப்பா காலத்திலிருந்து. வீடு பழைய வண்ணாரப்பேட்டை.

சாயங்காலம் கணக்கு முடித்து ஷட்டரை இறக்குகிற நேரத்தில் நெஞ்சுக்கு நடுவில் இறுக்கிப் பிடிக்கிறது. மூச்சு மேலேயே நின்றுவிடுகிறது, விரல் நுனி மரத்துப்போகிறது. கால் மணி நேரத்தில் தானாக அடங்கிவிடும். முதல் தடவை வந்தபோது தம்பி ஆட்டோவில் ஏற்றி ஸ்டான்லிக்குக் கூட்டிக்கொண்டு போனான். ஈசிஜி நார்மல். அப்புறம் எக்கோ, டிரெட்மில் டெஸ்ட், தைராய்டு, சர்க்கரை, ஹீமோகுளோபின் எல்லாம் பார்த்தாகிவிட்டது, எல்லாம் சரி. “இதயத்தில் ஒன்றும் இல்லை, டென்ஷனைக் குறையுங்கள்” என்றார் டாக்டர். எப்படிக் குறைப்பது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

அப்பா அதே கடையில், அதே கல்லாவில் உட்கார்ந்திருந்தபோதுதான் மாரடைப்பில் போனார். 2020 ஊரடங்கில் கல்யாணங்கள் தள்ளிப்போய், அச்சடித்த பத்திரிகைகள் கட்டுக் கட்டாகக் கிடந்தன. அப்போது வாங்கிய கடனுக்கு இன்னும் வட்டி கட்டுகிறேன். இப்போது வாட்ஸப்பிலேயே அழைப்பு அனுப்புகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். இதெல்லாம் ஷட்டரை இறக்கும்போது மனசில் ஓடுமா என்றால், ஓடாது. வெறும் உடம்புதான் இப்படிப் பண்ணுகிறது.

மனைவியின் தோழி அடையாறில் ஒரு கவுன்சலிங் இடத்தைச் சொன்னார். ஒரு அம்மா தனியாக நடத்துகிறார். போன் பண்ணினேன். “பேசுவோம், பேசும்போது உடம்பில் என்ன நடக்கிறது என்பதையும் நிதானமாகக் கவனிப்போம். மைண்ட்ஃபுல்னஸ் அடிப்படையிலான தெரபி” என்றார். ஒரு செஷன் 50 நிமிடம், 1,500 ரூபாய்.

உடம்பைக் கவனிப்பது என்றால் தொட்டுப் பார்ப்பார்களா? ஹிப்னாடிசம் மாதிரியா? இல்லை, தியானம் சொல்லிக்கொடுப்பதா? மனசைப் பற்றி இங்கிலீஷில் பேச எனக்கு வராது. வாரம் ஒரு தடவை என்றால் மாசம் 6,000 ரூபாய், எனக்கு அது சின்னத் தொகை இல்லை. போனவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

மயிலை ராகவன்:

செந்தில், இதைப் படித்ததும் கவலையாக இருந்தது. எனக்கு ரிட்டயர் ஆன புதிதில் தூக்கம் சுத்தமாகப் போயிருந்தது. பக்கத்துத் தெருவில் யோகா வகுப்பில் சேர்ந்து, தினமும் சவாசனமும் பிராணாயாமமும் செய்து சரியானேன். திருமுடிவாக்கத்தில் தம்ம சேது என்று விபஸ்ஸனா தியான மையம் இருக்கிறது. பத்து நாள் தங்கிப் பழகலாம், கட்டணம் கிடையாது, முடித்தவர்கள் விருப்பப்பட்டால் நன்கொடை கொடுப்பார்கள். அங்கேயும் உடம்பின் உணர்ச்சிகளைத்தான் உச்சி முதல் பாதம் வரை கவனிக்கச் சொல்கிறார்கள். 6,000 ரூபாய் கொடுப்பதற்கு முன்னால் இதை யோசியுங்கள்.

வேளச்சேரி ஸ்டெல்லா:

செந்தில் தம்பி, நான் ஸ்டாஃப் நர்ஸ், பல வருஷமாக ஐசியுவில். நீங்கள் சொல்கிற மாதிரி ஒரு இடத்துக்கு, திருவான்மியூரில், ரொம்ப நாள் போயிருக்கிறேன். நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்த விரல் மரத்துப்போவது. பயத்தில் மேல்மூச்சாக வேகமாக இழுத்து விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். அப்போது விரல் நுனி, உதட்டைச் சுற்றி எல்லாம் ஊசி குத்துகிற மாதிரி ஆகும், தலை கிறுகிறுக்கும், நெஞ்சு இறுகும். எமர்ஜென்சிக்கு இப்படி எத்தனையோ பேர் வருவார்கள். “ஒன்றும் இல்லை” என்று அவர்களை அனுப்பிவைப்பது எனக்குப் பிடிக்காது. ஒன்று இருக்கிறது, அது இதயத்தில் இல்லை, அவ்வளவுதான். ஆனால் அப்பாவுக்கு மாரடைப்பு வந்த குடும்பம் உங்களுடையது. வழக்கமாக வருகிற மாதிரி இல்லாமல் வேறு மாதிரி வலி வந்தால், கைக்கோ தாடைக்கோ பரவினால், வியர்த்துக் கொட்டினால், கவுன்சலிங் எல்லாம் அப்புறம். நேராக 108. பழைய ரிப்போர்ட்டில் நார்மல் என்று போட்டிருக்கிறதே என்று வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

இனி என் விஷயம். 2021 மே மாதம், கோவிட் இரண்டாம் அலையில், சென்னை எப்படி இருந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். ஜிஎச் வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றன. நான் வேலை பார்த்த இடத்திலும் கட்டில் காலியாகவே இருக்காது. பிபிஇ கிட்டுக்குள் வியர்த்து ஊறிக்கொண்டு, மானிட்டர் அலாரம் ஒன்று அடங்குவதற்குள் இன்னொன்று. அந்த அலை முடிந்தது, நானும் டூட்டி, வீடு, பிள்ளைகள் என்று நன்றாகத்தான் இருந்தேன். யாராவது கேட்டால் அழாமல் கதை கதையாகச் சொல்வேன். ஆனால் எங்கள் அபார்ட்மென்ட் லிஃப்ட் ‘பீப்’ என்றால் வலது தோள் காது வரைக்கும் ஏறிவிடும். கடைவாய்ப் பல் வலிக்கிறது என்று பல் டாக்டரிடம் போனேன். பார்த்துவிட்டு, “ராத்திரி பல்லைக் கடிக்கிறீர்கள், தேய்ந்துபோயிருக்கிறது” என்று மாட்டிக்கொண்டு தூங்க ஒரு பல் உறை கொடுத்தார். கொடுத்துவிட்டு, “சிஸ்டர், எதைக் கடித்துக்கொண்டே தூங்குகிறீர்கள்?” என்று கேட்டார். அவர்தான் அந்த திருவான்மியூர் முகவரியை எழுதிக் கொடுத்தவர்.

ஒரு வீட்டின் மாடியில் ஒரே அறை, ஃபேன், இரண்டு மூன்று நாற்காலிகள். எதில் உட்கார வேண்டும் என்று என்னையே முடிவு செய்யச் சொன்னார் கவுன்சிலர். நான் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். படுக்கவைக்கவில்லை, கண்ணை மூடச் சொல்லவில்லை, தொடவில்லை. சில முறைகளில் தோளிலோ முதுகிலோ கை வைப்பது உண்டாம். தான் அப்படிச் செய்வதில்லை என்று அவராகவே முதல் நாளே சொல்லிவிட்டார். கோவிட் கதையை ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “இதை நிறைய பேரிடம் சொல்லியிருக்கிறீர்கள் போல. இப்போது சொல்லும்போது உங்கள் கால் தரையில் இருப்பது தெரிகிறதா?” என்றார். தெரியவில்லை. பாதம் இருக்கிற நினைப்பே இல்லை. அன்றைக்கு மீதி நேரம் முழுக்க அதுதான் நடந்தது. பாதத்தை அழுத்துவது, நாற்காலியின் முதுகில் சாய்ந்து பார்ப்பது, ஜன்னல் வழியாகத் தெரிந்த புங்க மரத்தைப் பார்ப்பது, மறுபடியும் தோளைக் கவனிப்பது. வெளியே வந்தபோது இதற்கா இவ்வளவு காசு என்றுதான் நினைத்தேன். ஆனால் அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். அதனால் மறுபடியும் போனேன்.

ஹிப்னாடிசமா என்று கேட்டீர்களே. இல்லை, முழு நினைவோடுதான் இருப்பீர்கள். சொல்லப்போனால் வழக்கத்தைவிடக் கூடுதல் நினைவோடு. வித்தியாசம் என்னவென்றால், கதை முன்னால் ஓடும்போது நடுவில் நிறுத்தி, “இப்போது உடம்பில் எங்கே?” என்று கேட்பார்கள். தொண்டையில் அடைக்கிறது என்றால், அதைச் சரிசெய்யப் போக மாட்டார்கள். எவ்வளவு பெரிதாக இருக்கிறது, சூடா குளிரா, நகர்கிறதா நிற்கிறதா என்று கேட்டுக்கொண்டே கூட இருப்பார்கள். தாங்க முடியவில்லை என்றால் மறுபடி பாதத்துக்கு, புங்க மரத்துக்கு. குளத்தில் நீச்சல் பழகுகிற பிள்ளை கொஞ்ச தூரம் போய் மறுபடி படியைப் பிடித்துக்கொள்கிற மாதிரி, போய்ப் போய் வர வேண்டும். ஒரேயடியாக ஆழத்துக்கு இழுக்கிறவரிடம் போகவே கூடாது.

ஒரு நாள் நடந்ததை மட்டும் சொல்கிறேன். ஒரு நோயாளியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். என் வயது அம்மா. சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, இறங்கிக்கொண்டே போன ராத்திரி அது. நான் பேசப் பேச கவுன்சிலர் என் முகத்தைப் பார்க்காமல் மடியைப் பார்த்தார். “உங்கள் வலது கை என்னவோ செய்கிறது. வேண்டுமானால் அதையே மெதுவாகச் செய்து பாருங்கள்.” குனிந்து பார்த்தேன். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் எதையோ திருப்பிக்கொண்டிருந்தன. மெதுவாகத் திருப்பினேன். ஆக்சிஜனைக் கூட்டிக் குறைக்கிற ஃப்ளோமீட்டர் குமிழ். எங்கள் ஃப்ளோமீட்டரில் அளவுக் கோடு 15 லிட்டரோடு முடிந்துவிடும். அன்றைக்கு நான் 15-ல் வைத்துவிட்டு, அதற்கு மேலும் திருப்பிக்கொண்டே நின்றிருக்கிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை, எனக்கே நினைவில் இல்லை. கைக்கு நினைவு இருந்தது.

“இப்போது அந்தக் கை என்ன செய்ய விரும்புகிறது?” என்று கேட்டார். ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் கை குமிழை விட்டுவிட்டு, தானாக இறங்கி, கட்டில் விளிம்பு இருந்திருக்கக்கூடிய இடத்துக்கு வந்தது. அந்த அம்மாவின் கையைப் பிடிக்க. அன்றைக்கு அதற்கு நேரம் இருக்கவில்லை. தோளெல்லாம் சூடாகி, தாடை கிடுகிடுவென்று நடுங்கி, அப்புறம் கொட்டாவி மேல் கொட்டாவியாக வந்தது. “போதும்” என்றேன். அந்த நொடியே நிறுத்திவிட்டார், ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. தண்ணீர் கொடுத்தார். மீதி நேரம் என் மகளுடைய பிளஸ் டூ பற்றிப் பேசினோம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இன்னும் அந்த பீப் பிடிக்காது. ஆனால் தோள் ஏறும்போதே எனக்குத் தெரிகிறது, இறக்கிவிட முடிகிறது. பல் உறை இல்லாமல் தூங்குகிறேன். ஐசியு வேலையையும் விடவில்லை.

ஆகவே என் அபிப்பிராயம்: முறையின் பெயரைப் பார்த்துப் போகாதீர்கள், ஆளைப் பார்த்துப் போங்கள். நீங்கள் ‘வேண்டாம்’ என்றால் நிறுத்துகிறவரா என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. போனிலேயே கேளுங்கள். தொடுவீர்களா? நடுவில் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவீர்களா? எங்கே படித்தீர்கள், யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறீர்கள்? மாத்திரை தேவைப்படும் என்று தோன்றினால் யாரிடம் அனுப்புவீர்கள்? நல்ல கவுன்சிலருக்கு இந்தக் கேள்விகள் சங்கடமாக இருக்காது. கோபப்பட்டாலோ, “என்னிடம் வந்தால் ஐந்தே சிட்டிங்கில் சரியாகிவிடும்” என்று உத்தரவாதம் கொடுத்தாலோ, வேறு இடம் பாருங்கள்.

தமிழைப் பற்றிக் கவலையே வேண்டாம். நான் மார்த்தாண்டத்துக்காரி, எங்கள் ஊர்ப் பேச்சில்தான் எல்லாவற்றையும் சொன்னேன். நெஞ்சுக்குள் இறுக்கிப் பிடிக்கிறது, மூச்சு மேலேயே நிற்கிறது என்று மேலே எழுதியிருக்கிறீர்களே, அங்கே தேவைப்படுவது அவ்வளவுதான்.

ராகவன் சார், நீங்கள் அக்கறையோடு சொன்னது புரிகிறது. யோகா நல்லதுதான். ஆனால் மூச்சே பயமாகிப்போன ஒருவரை மூச்சைக் கவனி என்று தனியாக உட்காரவைத்தால் சில சமயம் பயம் கூடிவிடும். எனக்கு அப்படித்தான் ஆனது. மூச்சை விட்டுவிட்டுப் பாதத்தைக் கவனித்தபோதுதான் ஆரம்பிக்கவே முடிந்தது.

அண்ணாநகர் மீனா:

நான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். செந்தில் கேட்ட இடம் எனக்குத் தெரியாது, பொதுவாகச் சொல்கிறேன்.

ஸ்டெல்லா விவரித்தது ஒரே ஒரு முறை இல்லை, ஒரு குடும்பம். சிகாகோவில் யூஜின் ஜென்ட்லின் என்பவரும் சக ஆய்வாளர்களும் சிகிச்சை ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஆராய்ந்தபோது, யாருக்குப் பலன் கிடைக்கும் என்பது ஆரம்ப செஷன்களிலேயே ஓரளவு தெரிந்தது. சரளமாகக் கதை சொல்பவர்களைவிட, நடுவில் தயங்கி, உள்ளே எதையோ தடவிப் பார்த்து, “இல்லை, அப்படி இல்லை, வேறு மாதிரி” என்று சொல்பவர்கள் முன்னேறினார்கள். அதிலிருந்து வந்ததுதான் அவருடைய ‘ஃபோகஸிங்’. ரான் கர்ட்ஸின் ‘ஹகோமி’, பீட்டர் லெவினின் ‘சொமாட்டிக் எக்ஸ்பீரியன்ஸிங்’, பேட் ஆக்டனின் ‘சென்சரிமோட்டார் சைக்கோதெரபி’ ஆகியவையும் இந்த வகைதான். ஜான் கபாட்-ஜின் 1979-ல் அமெரிக்காவில் தீராத வலியோடு இருந்தவர்களுக்காகத் தொடங்கிய பயிற்சியிலிருந்து மைண்ட்ஃபுல்னஸ் மருத்துவமனைகளுக்குள் வந்தது. ராகவன் சார் சொன்ன விபஸ்ஸனாவும் அதன் வேர்களில் ஒன்று. ஆனால் பேனிக், அதாவது திடீரென்று வந்து தாக்கும் பயம், உச்சத்தில் இருக்கும்போது பத்து நாள் மௌனத்துக்குப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த மையங்களின் விண்ணப்பத்திலேயே மனநலம் பற்றிக் கேட்கிறார்கள், அதில் மறைக்காமல் எழுத வேண்டும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். செந்தில் எழுதியிருப்பது பேனிக் என்று உறுதியானால், அதற்கு அதிக ஆய்வு ஆதாரம் இருப்பது சிபிடி என்கிற, எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றிப் பழக்கும் முறைக்குத்தான். உடல்வழி முறைகளுக்கு ஆய்வுகள் உண்டு, ஆனால் குறைவு. அதே சமயம் சிபிடியிலும் உடம்பு வருகிறது. படபடப்பை வேண்டுமென்றே கொஞ்சம் வரவழைத்து, அது ஆபத்தில்லை என்று பழக்குவது அதன் ஒரு பகுதி. இரண்டையும் கலந்து செய்கிறவர்கள் சென்னையில் இருக்கிறார்கள். அதையும் போனில் கேட்டுவிடுங்கள்.

தகுதியைப் பற்றி. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்பவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில், அதாவது ஆர்சிஐயில், பதிவு செய்திருக்க வேண்டும். எண்ணைக் கேட்டுச் சரிபார்க்கலாம். கவுன்சிலர் என்ற பெயருக்கு அந்தக் கட்டாயம் இருந்ததில்லை. 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசியச் சட்டம் அவர்களையும் உள்ளே கொண்டுவருகிறது. ஆனால் வார இறுதிப் பயிலரங்கு ஒன்றை முடித்துவிட்டு ‘சொமாட்டிக்’, அதாவது உடல்வழி, என்று பலகை வைப்பவர்களும் இருக்கிறார்கள். லெவினின் முறைக்கு மட்டும் மூன்று வருடப் பயிற்சி. அதனால் உளவியலில் முதுகலை இருக்கிறதா, அதற்கு மேல் எந்தப் பயிற்சி, எவ்வளவு காலம் என்று கேட்பது உங்கள் உரிமை. இவர்கள் யாரும் மாத்திரை எழுத முடியாது, அதற்கு மனநல மருத்துவர் வேண்டும்.

பணத்தைப் பற்றி: வாரம் ஒரு முறை என்பது ஆரம்பத்தில்தான், அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒன்றாகக் குறைக்கலாம். பலர் வருமானத்துக்கு ஏற்றபடி கட்டணத்தைக் குறைப்பதும் உண்டு, வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார்கள், கேட்டால் சொல்வார்கள். அதுவும் முடியாவிட்டால் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவு இருக்கிறது. அந்தப் பெயரைக் கேட்டு ஒதுங்க வேண்டாம், உங்களைப் போன்றவர்கள் தினமும் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். ராத்திரி பயம் வந்தால் டெலி மானஸ், 14416, எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

ஆண்டர்சன் தெரு செந்தில்:

எல்லோருக்கும் நன்றி. ஸ்டெல்லா அக்கா எழுதியதைக் கடையில் உட்கார்ந்துதான் படித்தேன். என் கை எங்கே இருக்கிறது என்று பார்த்தேன், கல்லா விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. மீனா மேடம் சொன்னபடி போன் பண்ணிக் கேட்டேன். எம்.எஸ்சி. உளவியல், அதற்கு மேல் உடல்வழிப் பயிற்சி மூன்று வருஷம், இன்னமும் மேற்பார்வையில் இருக்கிறாராம். தொடுவதில்லை என்றார். ஒரு மனநல மருத்துவரோடு சேர்ந்து வேலை செய்கிறாராம். கட்டணம் கேட்டதற்கு 1,000 போதும் என்று சொல்லிவிட்டார். செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு நேரம் வாங்கியிருக்கிறேன்.

இரண்டு சந்தேகம். மனைவி கூட வருகிறேன் என்கிறாள், உள்ளே விடுவார்களா? முடித்துவிட்டு ஒரு மணிக்குள் கடைக்குத் திரும்பிவிடலாமா? முகூர்த்த மாதம், மதியம் பார்ட்டிகள் புரூஃப் பார்க்க வருவார்கள்.

வேளச்சேரி ஸ்டெல்லா:

தம்பி, ரொம்ப சந்தோஷம். மனைவி வரட்டும். முதலில் பத்து நிமிடம் இருவரையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், அப்புறம் அவர் வெளியே இருக்கட்டும். சில விஷயங்கள் மனைவி முன்னால் வராது, அவரைக் காப்பாற்ற நினைத்துப் பாதியை விழுங்கிவிடுவீர்கள். வீட்டுக்குப் போய் “என்ன கேட்டார், என்ன சொன்னாய்” என்று விசாரிக்க வேண்டாம் என்று இப்போதே அன்பாகச் சொல்லிவைத்துவிடுங்கள்.

ஒரு மணிக்குக் கடை வேண்டாம். அன்றைக்குப் புரூஃபைத் தம்பி பார்க்கட்டும். செஷன் முடிந்தபின் உடம்பு கொஞ்ச நேரம் அசதியாக, லேசாகத் தலை சுற்றுகிற மாதிரி இருக்கலாம், அழுகையும் வரலாம். நேராக வண்டி ஓட்டாதீர்கள். பறக்கும் ரயிலில் பீச்சிலிருந்து கஸ்தூர்பா நகர் வந்துவிடுங்கள், அங்கிருந்து ஷேர் ஆட்டோ கிடைக்கும். முடிந்ததும் இருவரும் எங்காவது உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

முதல் செஷனில் அப்பா விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்று இல்லை. ஆனால் அந்தக் கல்லாவை இறுக்கிப் பிடித்த கையைப் பற்றிச் சொல்லுங்கள். டிரெட்மில் ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள், கவுன்சிலர் பார்க்க வேண்டும்.